128 பைட்டில் தொடங்கியவர்: உங்கள் போன் மெமரிக்குப் பின்னால் இருக்கும் டாம் கில்பர்ன்

போனில் இருபது ஆப் திறந்து கிடக்கிறது. ரேம் என்னவோ 6 ஜிபிதான். ஆனாலும் ஒவ்வொரு ஆப்பும் மொத்த மெமரியும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆப்பிடம் இந்தப் பொய்யைச் சொல்வது கெர்னல். இந்தப் பொய்யை ஒரு நிஜ இயந்திரத்தில் சொல்லி ஜெயித்துக் காட்டியவர் டாம் கில்பர்ன்.

1921-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள டியூஸ்பரி ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். இரண்டாம் உலகப் போர் நேரம். 1942-ல் மால்வெர்னில் இருந்த ராடார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருடைய மேலதிகாரி ஃபிரெடி வில்லியம்ஸ். போர் முடிந்து வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போக, கில்பர்னும் கூடவே போனார்.

அன்றைக்குக் கணக்குப் போடும் இயந்திரம் கட்டுவதை விட, எண்களை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய தலைவலி. இருவரும் டிவி திரை மாதிரியான ஒரு கேதோடு குழாயில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தகவலைச் சேமித்தார்கள். புள்ளி நொடியில் மங்கிவிடும். மங்கும் முன் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 1947 முடிவதற்குள் ஒரே குழாயில் 2,048 பிட்களை நிறுத்திக் காட்டினார் கில்பர்ன்.

அதைச் சோதித்துப் பார்க்கக் கட்டியதுதான் 'பேபி' கம்ப்யூட்டர். 1948 ஜூன் 21 அன்று கில்பர்ன் எழுதிய புரோகிராம் அதில் ஓடியது. தன் மெமரியிலேயே புரோகிராமையும் வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் ஒன்று ஓடியது அதுதான் முதல் முறை. விடை வர 52 நிமிடம் ஆனது. மெமரி எவ்வளவு தெரியுமா? 1,024 பிட், அதாவது 128 பைட். இன்றைய யூனிகோட் கணக்கில் 'வணக்கம்' என்று எழுத 21 பைட் வேண்டும். ஆறு வணக்கம் சொன்னால் மெமரி காலி!

அடுத்து வந்த இயந்திரங்களில் மெமரி இரண்டு அடுக்கானது. வேகமான சின்ன மெமரி ஒன்று, மெதுவான பெரிய காந்த டிரம் ஒன்று. எதை எப்போது டிரம்மிலிருந்து எடுப்பது, எதைத் திருப்பி வைப்பது என்பதெல்லாம் புரோகிராம் எழுதுபவர் பாடு. நிஜமான கணக்கை விட இந்தப் போக்குவரத்துக்கே அதிக மூளை செலவானது.

இந்தச் சுமையை இயந்திரத்தின் தலையிலேயே கட்டினால் என்ன? 1956 வாக்கில் தொடங்கி, பிறகு ஃபெராண்டி நிறுவனமும் சேர்ந்து, 1962 டிசம்பரில் திறக்கப்பட்ட 'அட்லஸ்' கம்ப்யூட்டரில் கில்பர்ன் குழு செய்தது அதைத்தான். வேகமான மெமரியில் இருந்தது சுமார் 16,000 'சொல்' (ஒரு சொல் 48 பிட்). புரோகிராமுக்குக் காட்டப்பட்டதோ பத்து லட்சம் சொற்களுக்கான முகவரி. எல்லாம் 512 சொல் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டன. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்ல 32 ரிஜிஸ்டர்கள். கேட்ட பக்கம் அங்கே இல்லையென்றால் புரோகிராம் நிறுத்தப்படும், டிரம்மிலிருந்து பக்கம் வரும், அதுவரை வேறொரு புரோகிராம் ஓடும்.

சரி, இடம் இல்லாவிட்டால் எதை வெளியே அனுப்புவது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். சமையல் மேடையும் பரணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் பானையைத் தொட்டு பதினோரு மாதம் ஆச்சு. நீண்ட நாள் தொடாததைத் தூக்கிப் பரணில் போடு என்பது எளிய விதி. அட்லஸ் கொஞ்சம் யோசித்தது: போன முறை இந்தப் பானை எவ்வளவு நாள் சும்மா இருந்தது? பன்னிரண்டு மாதம். அப்படியென்றால் அடுத்த மாதமே தேவைப்படும், இருக்கட்டும். இப்படி ஒவ்வொரு பக்கத்தின் பழக்கத்தையும் குறித்து வைத்து முடிவெடுத்ததால், அதற்குக் கற்கும் புரோகிராம் என்றே பெயர்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபிரிட்ஸ்-ருடால்ஃப் குன்ட்ஷ் என்ற ஜெர்மானியர் 1950-களிலேயே தன் முனைவர் பட்ட ஆய்வில் இதே மாதிரியான யோசனையை எழுதியிருந்தார். ஆனால் கட்டி ஓட விட்டது மான்செஸ்டரில்தான்.

உலகம் உடனே ஏற்கவில்லை. மனிதன் கையால் பிரித்து அடுக்குவதை விட இது மெதுவாகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் பலருக்கு. 1969-ல் ஐபிஎம்மின் டேவிட் சேயர் அளந்து பார்த்து, தானியங்கி முறை சளைத்ததல்ல என்று காட்டினார். 1972-ல் ஐபிஎம் தன் 370 வரிசைக் கம்ப்யூட்டர்களுக்கு இதை அறிவித்தபோது, அட்லஸுக்கு வயது பத்து.

32 வரியாக இருந்த அந்த அட்டவணை இன்று பல லட்சம் வரி ஆகிவிட்டது. ஆனால் வரம்பு போகவில்லை. லினக்ஸில் ஒரு புராசஸ் இயல்பாக 65,530 மெமரி மேப் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஏன் இந்த விசித்திர எண்? புராசஸ் நொறுங்கும்போது எழுதப்படும் கோர் டம்ப் கோப்பில், பகுதிகளை எண்ணுவதற்கு 16 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதன் உச்சம் 65,535. அதில் ஐந்தைக் கைவசம் விட்டு வைத்தார்கள். எலாஸ்டிக்சர்ச் நிறுவும்போது இதை 2,62,144 ஆக உயர்த்தச் சொல்லி வந்தது டெவ்ஆப்ஸ் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கில்பர்ன் 1964-ல் மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையைத் தொடங்கி அதன் தலைவரானார். அடுத்த ஆண்டே ராயல் சொசைட்டி உறுப்பினர். விடுமுறைக்குக் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரை, சீசன் தொடங்கினால் மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச், இதுதான் அவர் வாழ்க்கை. 1981-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பத்து ஆண்டு முன்பே மான்செஸ்டர் அட்லஸை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

1998 ஜூனில், பேபியின் பொன்விழாவுக்காக அதே வடிவில் ஓர் இயந்திரத்தைக் கட்டி ஓட விட்டார்கள். விழாவில் கில்பர்னும் இருந்தார். 2001 ஜனவரி 17 அன்று, 79 வயதில், மான்செஸ்டரிலேயே காலமானார்.