பீர் ஆலை குமாஸ்தா கண்டுபிடித்த இயற்கை ரகசியம்

விட்டில் பூச்சி என்றதும், இரவில் விளக்கைச் சுற்றும் மங்கல் நிறப் பூச்சிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பட்டப்பகலில், நல்ல வெயிலில் பறக்கும் விட்டில்களும் உண்டு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பளிச்சிடும் நிறம் கொண்டவை அவை. தென் அமெரிக்காவில் காஸ்ட்னியா என்று ஒரு விட்டில் குடும்பம் இருக்கிறது. அதன் உணர்கொம்பின் நுனிகூட வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது போலவே தடித்திருக்கும். பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

விட்டிலுக்கு இந்த வேடம் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர், ஹென்றி வால்ட்டர் பேட்ஸ். அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. பீர் ஆலையில் குமாஸ்தாவாக இருந்தவர்.

13 மணி நேர வேலை

பேட்ஸ் 1825-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந்தேதி இங்கிலாந்து நாட்டில் லெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை காலுறைத் தொழில் செய்து வந்தார். 13-வது வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஒரு காலுறை வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால் இரவு 8 மணி வரை வேலை. கிடங்கைத் திறப்பதும் பெருக்குவதும் அவர் பொறுப்பு.

வேலை முடிந்த பிறகு, தொழிலாளர்களுக்காக நடந்த இரவுப் பள்ளிக்குப் போனார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு மொழிகளைக் கற்றார். விடுமுறை நாளில் காட்டுப் பக்கம் போய் வண்டு பிடித்தார். வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை 1843-ம் ஆண்டு ஒரு விலங்கியல் பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

மறு ஆண்டு ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இளைஞர் லெஸ்டருக்குப் பள்ளி ஆசிரியராக வந்தார். இருவரும் நண்பர்களானார்கள். வாலசுக்கு வண்டு பிடிக்கும் ஆசையை ஊட்டியவர் பேட்ஸ்தான். பின்னாளில் டார்வினுடன் சேர்த்துப் பேசப்படும் அளவுக்கு வாலஸ் புகழ் பெற்றார்.

பேட்ஸ் பர்ட்டன் நகரில் ஒரு பீர் ஆலையில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். மனம் வேலையில் ஒட்டவில்லை. அமேசான் ஆற்றுப் பயணம் பற்றி 1847-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தை நண்பர்கள் இருவரும் படித்தார்கள். அங்கே போவது, பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி விற்பது, அந்தப் பணத்தில் ஆராய்ச்சி செய்வது என்று முடிவு செய்தார்கள். 1848-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். பேட்சுக்கு வயது 23. வாலசுக்கு 25.

பறவை என்று சுட்டார்

மே மாதம் பிரேசில் நாட்டில், அமேசான் முகத்துவாரத்தில் உள்ள பாரா நகரில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆற்றின் வழியே உள்ளே போன இடங்களில் ஒன்று கமெட்டா. அங்கே பேட்ஸ் ஒரு வேடிக்கையைக் கண்டார். பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு என்ற மிகச் சிறிய பறவையைச் சுடுவார். கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தால் பறவை அல்ல, விட்டில்! இப்படிப் பல முறை ஏமாந்தார். இரண்டையும் பறக்கும்போதே பிரித்துப் பார்க்க அவருக்குப் பல நாள் பிடித்தது. அந்த விட்டில்தான் பறவையாக மாறுகிறது என்று அந்த ஊர் மக்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்களும் அதையே சொன்னார்கள். அப்படி அல்ல என்பது பேட்சுக்குத் தெரியும். ஆனால் உருவம் எப்படி ஒத்துப்போகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

கிழிந்த உடை, வெறுங்கால்

சில காலத்துக்குப் பின் நண்பர்கள் தனித்தனி வழியில் போனார்கள். வாலஸ் 1852-ல் ஊர் திரும்பினார். பேட்ஸ் திரும்பவில்லை. ஆற்றின் மேல் பகுதியில் உள்ள ஏகா என்ற சிற்றூருக்கு முதல் முறை போனபோது அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. 12 மாதம் ஊரிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. உடை கந்தலாகிவிட்டது. காலுக்குச் செருப்பு இல்லாமல் காட்டில் நடந்தார். வேலைக்காரர் ஓடிப்போனார். கையிலிருந்த காசும் திருட்டுப் போயிற்று. மனம் உடைந்து பாராவுக்குத் திரும்பினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பிடித்தது.

ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தது. ஆனாலும் பிழைத்து எழுந்தவர் மீண்டும் ஆற்றின் மேல் ஏறினார். சந்தாரெம் என்ற ஊரில் மூன்றரை ஆண்டுகளும், பிறகு ஏகாவில் பல ஆண்டுகளும் தங்கினார். ஏகாவைச் சுற்றி மட்டும் 550 வகை வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டார்.

1859-ல் அவர் இங்கிலாந்து திரும்பியபோது 11 ஆண்டு ஓடிவிட்டது. அவர் சேகரித்த உயிரினங்கள் 14,712 வகை. அவற்றில் சுமார் 8,000 வகை விஞ்ஞான உலகுக்கே புதியவை. இத்தனை உழைப்புக்கும் செலவு போக அவர் கையில் நின்றது சுமார் 800 பவுன்தான். உடல்நலமும் கெட்டுப்போயிருந்தது.

வேடத்தின் காரணம்

பெட்டிகளில் இருந்த பூச்சிகளை வகை பிரித்தபோது அந்தப் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. அமேசான் காட்டில் ஒரு வகை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக, மெதுவாகப் பறக்கின்றன. பிடிப்பது சுலபம். இருந்தும் பறவையோ பல்லியோ அவற்றைத் தொடுவதை அவர் பார்த்ததில்லை. அவற்றின் உடம்பு தின்ன முடியாத சுவை கொண்டது என்று பேட்ஸ் முடிவு செய்தார். செடிகளிலிருந்து கிடைக்கும் நச்சுப்பொருள் அவற்றின் உடம்பில் இருப்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்தன.

இந்தக் கூட்டத்தின் நடுவே, அதே நிறத்தில், அதே பாங்கில் வேறு சில பூச்சிகளும் பறந்தன. எண்ணிக்கையில் குறைவு. பிடித்துப் பார்த்தால் சில, முற்றிலும் வேறு குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள். வேறு சில, காஸ்ட்னியா போன்ற பகல் விட்டில்கள். ஆற்றோரமாக ஊர் மாற மாற, கசப்புப் பூச்சியின் சிறகுக் கோலம் மாறியது. போலிகளின் கோலமும் கூடவே மாறியது.

கசப்புப் பூச்சியைக் கொஞ்சமாவது ஒத்திருந்த போலிகள் பறவையிடமிருந்து தப்பிப் பெருகின. ஒவ்வாதவை இரையாயின. தலைமுறை தலைமுறையாக இது நடந்ததில் வேடம் கச்சிதமாகியது. இதுதான் பேட்ஸ் சொன்ன காரணம். 1861-ம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் இந்தக் கட்டுரையை அவர் படித்தார். இரண்டு ஆண்டுக்கு முன் தம் பரிணாமக் கொள்கையை வெளியிட்டிருந்த டார்வின், அதற்கு நல்ல சான்று கிடைத்ததென்று மகிழ்ந்தார். கட்டுரையைப் பாராட்டித் தாமே மதிப்புரை எழுதினார். அவர் தூண்டியதால் பேட்ஸ் தம் அமேசான் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1863-ல் வெளிவந்த அது பெரும் புகழ் பெற்றது.

போலி என்று கருதப்பட்ட விட்டில்களில் சில, தாமும் கசப்பானவை என்பது பின்னாளில் தெரிந்தது. கசப்பானவை ஒரே கோலத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆதாயம் என்று 1878-ல் பிரிட்ஸ் முல்லர் விளக்கினார். இரண்டு விளக்கங்களும் இன்றும் நிலைத்திருக்கின்றன.

கிடைக்காத உத்தியோகம்

புகழ் சோறு போடவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்கியல் பிரிவில் ஓர் உத்தியோகத்துக்கு பேட்ஸ் முயன்றார். அது ஆர்தர் ஓஷானெஸி என்ற இளம் கவிஞருக்குப் போயிற்று. 1864-ல் ராயல் பூகோள சங்கத்தில் உதவிச் செயலாளர் வேலை கிடைத்தது. கடிதம், கணக்கு, பத்திரிகைப் பதிப்பு என்று மறுபடியும் ஆபீஸ் வேலைதான். 27 ஆண்டுகளுக்கு மேல், சாகும் வரை அதைப் பார்த்தார். வண்டு ஆராய்ச்சிக்கு வேலை போக மிஞ்சிய நேரமே அவருக்குக் கிடைத்தது. இருந்தும் பூச்சியியல் சங்கத்துக்கு இரு முறை தலைவரானார். 1881-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1892-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந்தேதி காலமானார். இந்த வகைப் போலி வேடத்தை உலகம் முழுவதும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். கறுப்புச் சிறகில் கண்ணாடி போன்ற புள்ளிகளும், உடம்பில் குளவிக்கு இருப்பது போன்ற பட்டைகளும் கொண்ட ஒரு விட்டில் தென்னிந்தியாவில் பகலில் பறக்கிறது. அதன் புழு சந்தன மர இலையைத் தின்னும். கறிவேப்பிலைச் செடியில் வளரும் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் இருக்கிறது. அதன் பெண்களில் ஒரு வகைக்குச் சிறகில் சிவப்புப் புள்ளிகள் உண்டு. ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொண்ட இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் வேடம் அது. பெங்களூரிலும் மும்பையிலும்கூட இவ்விரண்டும் பறக்கின்றன. வீட்டுப் பக்கம் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சற்று நின்று பார்க்கலாம்.