எதிர்ப்பை வென்ற விண்ணப்பம்: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் வாழ்க்கை வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம் மக்களின் இல்லங்களில், பிள்ளைகள் மருத்துவராக வேண்டும் என்னும் ஆசை இன்று அரிதான ஒன்றன்று. தறிப் பட்டறையிலும் சேகோ ஆலையிலும் தோல் தொழிலிலும் பண்ணைக் கூலியிலும் உழைத்து ஓய்ந்த பெற்றோர், தம் மகனோ மகளோ வெள்ளை அங்கி அணிந்து நோயாளியின் நாடி பார்க்கும் நாளை எண்ணி ஏங்குகின்றனர். அந்த ஆசை விண்ணப்பமாக மாறும்போதுதான் இடர்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்குகின்றன. மதிப்பெண் சிறிது குறைகிறது. சான்றிதழ் உரிய நாளில் கைக்கு வருவதில்லை. பயிற்சிக்குப் பணம் இல்லை. உறவினரோ, இருபது வயதுப் பெண்ணுக்கு இனிப் படிப்பு எதற்கு என்கின்றனர். முதல் முயற்சியில் இடம் கிடைக்காத பிள்ளைகள், தமக்கு அத்தகுதியே இல்லை என்று தாமே முடிவு செய்து ஒதுங்கிவிடுவதையும் நாம் காண்கிறோம்.

ஆதலின், பிறப்பையும் பெண்மையையும் காட்டித் தடுக்கப்பட்ட ஒரு மாணவியின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம் எனக் கருதி இவ்வெள்ளி விழா மலரில் எழுதுகின்றோம். அம்மையார் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். தீண்டாமை நம் முன்னோர்க்கு இழைத்த கொடுமை வேறு. அம்மையார் பட்ட இழிவு வேறு. இரண்டும் ஒன்றெனக் கூறுதல் நேர்மையாகாது. எனினும், கல்விச்சாலையின் வாயிலில் நின்ற பிள்ளையிடம் அறிவைக் கேளாது, அன்னையின் குலத்தைக் கேட்ட உலகத்தை அவரும் கண்டவர். அந்த வகையில் அவர் வாழ்வு நமக்குப் பாடமாகும்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்திற்கு உட்பட்டிருந்த குலத்தில் தோன்றியவர். இவ்விருவரின் இல்வாழ்க்கையை ஐயரின் உறவினர் ஏற்கவில்லை. அவரை ஒதுக்கி வைத்தனர். ஆகவே முத்துலட்சுமி தாய்வழி உறவினரிடையே வளர்ந்தார். அக்குலத்துப் பெண்கள் பட்ட துயரங்களை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தம் வீட்டாரிடையே கண்டு அறிந்தார்.

அக்கால வழக்கப்படி, பருவம் அடைந்தவுடன் அவர் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். தாயார் திருமணத்திற்கு நாள் பார்க்க விரும்பினார். மகளுக்கோ படிப்பின் மீதே நாட்டம். தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பள்ளிக்குச் செல்லாமலேயே மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதி அவர் வெற்றி பெற்றார். மகள் ஆசிரியைப் பணியில் அமர்ந்தால் போதும் என்பது தந்தையாரின் எண்ணம். அம்மையாரின் எண்ணமோ அதனினும் உயர்ந்து நின்றது.

முதல் விண்ணப்பம்

மேற்படிப்புக்கு ஊரில் இருந்தது மன்னர் கல்லூரி ஒன்றே. அது ஆடவர் கல்லூரி. அங்கே இடம் கேட்டு முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது ஊரில் சலசலப்பு எழுந்தது. அப்போதைய முதல்வர் விரும்பவில்லை. மாணவர்களின் பெற்றோர் சிலரும் எதிர்த்தனர். பெண் ஒருத்தி ஆடவருடன் அமர்ந்து படிப்பதா என்பது ஒரு தடை. அவள் தாய் எந்தக் குலம் என்பது மற்றொரு தடை. இப்பெண் வந்தால் பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்ற பேச்சும் எழுந்தது. தந்தை முன்னர் தலைமை வகித்த கல்லூரியிலேயே மகளுக்கு நேர்ந்த நிலை இது.

இந்நிலையில் விண்ணப்பம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் பார்வைக்குச் சென்றது. அவர் எதிர்ப்புகளைப் புறந்தள்ளி, மாணவியைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். உதவிச் சம்பளமும் அளித்தார். அன்று மன்னரின் மனம் வேறாக இருந்திருப்பின் முத்துலட்சுமியின் படிப்பு அத்துடன் நின்றிருக்கும். இதனை நம் இளைஞர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதனை மீண்டும் எடுத்துரைப்போம்.

மருத்துவக் கல்லூரியில்

1907-ஆம் ஆண்டு அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் படித்த முதற் பெண் அவரே என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1850-இல் கல்லூரியாக உயர்ந்த அந்நிலையம், 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாவில் மருத்துவம் படிக்க இடம் பெறாத அபலா தாஸ் என்னும் வங்கப் பெண்ணும் 1882-இல் சென்னைக்கு வந்தே பயின்றார். ஆயினும் முத்துலட்சுமியின் காலம் வரையிலும் அங்குப் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர்.

தம் வகுப்பில் பெண்கள் அமர்வதை விரும்பாத ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர், அறுவை மருத்துவத்தில் அம்மையார் பெற்ற சிறப்பைக் கண்டு மனம் மாறினார் என்று கூறுவர். 1912-இல் அவர் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டம் அடைந்தார். எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணி ஏற்றார். பருவம் அடைந்ததும் பள்ளியினின்று நிறுத்தப்பட்ட சிறுமி, இருபத்தாறாம் வயதில் மருத்துவரானார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சடங்கு முறையில் அன்றி, 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி அம்மணம் நடந்தது. தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பொதுப் பணிக்குத் தடையாக நிற்றல் கூடாது என்னும் நிபந்தனைகளை ஏற்ற பின்னரே அவர் மணத்திற்கு இசைந்தார்.

சட்டமன்றத்தில்

மருத்துவராக ஏழைப் பெண்களின் இல்லங்களுக்குச் சென்ற அம்மையார், நோயின் வேர் பல வேளைகளில் உடம்பில் இல்லை, ஊர் வழக்கத்தில் இருக்கிறது என்பதைக் கண்டார். இளம் வயதுத் திருமணம், இடைவிடாத பேறு, பட்டினி, பொட்டுக் கட்டும் வழக்கம் ஆகியவற்றை மருந்தினால் மட்டும் தீர்க்க இயலாது. 1926-இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்று, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதற் பெண்மணி அவரே.

அவ்வேளையில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர், நம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். அவர் அமைச்சரவைக் காலத்தில்தான், அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் 1928-இல் வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியிடங்கள் 12 எனின், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என அது வகுத்தது. பன்னிரண்டில் ஒன்று என்பது மிகச் சிறிய பங்கே. எனினும் அது எவருடைய தயவும் அன்று. எழுதி வைத்த உரிமை.

அம்மையார் சட்டமன்றத்தில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். சத்தியமூர்த்தி போன்ற தலைவர்களும் எதிர்ப்பக்கம் நின்றனர். அம்மையார் தளரவில்லை. கோயில் பணிக்கு ஈடாக விடப்பட்டிருந்த மானிய நிலங்கள், பணிக் கட்டு நீங்கி அப்பெண்களுக்கே உரிமையாகும் வகையில் 1929-இல் சட்டத் திருத்தம் வந்தது. வழக்கத்தையே முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இருபது ஆண்டுகள் இடையறாது உழைத்தபின் கிடைத்த வெற்றி அது. காந்தியடிகள் 1930-இல் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். அக்காலத்தில் போக்கிடமின்றித் தம்மை நாடி வந்த பெண்களுக்காக அவர் தொடங்கியதே அவ்வை இல்லம்.

அடையாற்றில் எழுந்த மருத்துவமனை

1923-இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் அறியப்படாமல், சீதபேதி எனக் கருதப்பட்டதே அத்துயரின் கொடுமை. 1925-இல் இங்கிலாந்து சென்ற அம்மையார் புற்றுநோய் மருத்துவத்தையும் கற்றுத் திரும்பினார். அந்நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது, எப்படியும் இறக்கப்போகும் நோயாளிகளுக்கு அத்தனைச் செலவு எதற்கு என்ற எண்ணமே ஆட்சியாளரிடத்தும் இருந்தது. அவர் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் பணி தொடங்கியது. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். சேலத்தினின்றும் நாமக்கல்லினின்றும் சென்று அந்நிலையத்தில் மருத்துவம் பெற்ற ஏழைக் குடும்பங்கள் பல.

1956-இல் அரசு பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதை எட்டும் தறுவாயில், அம்மையார் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் தெருக்களில் பல தாய்மார்கள், அப்பெயருக்கு உரியவர் யாரென அறியாமலேயே அவ்வுதவியைப் பெற்று வருகின்றனர்.

தயவும் உரிமையும்

மன்னரின் ஆணையை மீண்டும் எடுத்துரைப்போம் என்றோம். முத்துலட்சுமிக்குக் கதவைத் திறந்தது ஒரு மன்னரின் நல்லெண்ணம். மன்னர் நல்லவராக இருந்தார், மாணவி வென்றார். அதே காலத்தில் நம் முன்னோரின் பிள்ளைகள் திண்ணைப் பள்ளியின் தாழ்வாரத்தையும் நெருங்க இயலவில்லை. அவர்களுள் எத்தனை முத்துலட்சுமிகள் மண்ணோடு மண்ணாயினர் என்பதை எவர் கணக்கிட வல்லார்? தயவு ஒருவரைக் கைதூக்கும். ஒரு சமுதாயத்தைக் கைதூக்குவதற்குச் சட்டம் வேண்டும்.

அச்சட்டமும் எளிதில் நிலைக்கவில்லை. பின்னர்க் கல்லூரி இடங்களுக்கும் விரிந்த வகுப்புவாரி ஆணை, 14 இடங்களில் 2 இடங்களை நம் மக்களுக்கு ஒதுக்கியிருந்தது. அதனை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தார். மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்கு அது. ஆனால் அவர் விண்ணப்பமே செய்யவில்லை, இடம் கிடைக்காது எனக் கேட்டறிந்து நீதிமன்றம் சென்றார் என்பது நீதிமன்றப் பதிவு. 1951 ஏப்பிரலில் உச்சநீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. தமிழகம் கிளர்ந்தது. இரண்டே திங்களில், சூன் மாதத்தில், அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறியது. கல்வியில் பின்தங்கியோர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அரசுக்கு உறுதியாயிற்று. நம் பிள்ளைகள் இன்று நிரப்பும் படிவத்தில் சமுதாயம் எனக் குறிக்கப்படும் சிறு கட்டத்தின் பின்னே இவ்வளவு வரலாறு அடங்கியுள்ளது. அதனை நிரப்ப நாணுதல் வேண்டா. இன்று தமிழகத்தில் பட்டியல் வகுப்பினர்க்கு 18 விழுக்காடு; அதனுள் அருந்ததியர்க்கு 2009 முதல் 3 விழுக்காடு. அவ்வுள் ஒதுக்கீட்டின் அடிப்படையை உச்சநீதிமன்றம் 2024-இல் ஏற்றது.

தேர்வு முறையும் மாறி மாறி வந்துள்ளது. 1984-இல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் அது நீங்கி, மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு வந்து, சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமையாயிற்று. 2020-இல் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. இடங்களும் பெருகியுள்ளன. நம் பகுதி மாணவர் சென்னைக்கோ கோவைக்கோ செல்ல வேண்டியிருந்த நிலை மாறி, 1986-இல் சேலத்தில் கல்லூரி வந்தது. சுப்பராயனின் மைந்தர் மோகன் குமாரமங்கலத்தின் பெயரை அது தாங்கியுள்ளது. 2022-இல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது.

இளைஞர்களே! வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் முன்னரே பெற்று வையுங்கள். உங்களுக்குரிய ஒதுக்கீடுகளை ஒன்றுவிடாமல் அறிந்து, படிவத்தில் பிழையின்றி எழுதுங்கள். ஓராண்டு தவறினால் மறு ஆண்டு முயலுங்கள். அதுவும் இயலாவிடின் செவிலியம், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் எனப் பல படிப்புகள் உள்ளன. அவற்றுள் எதுவும் இழிவன்று. ஒரு தேர்வின் முடிவு உயிரினும் பெரிதன்று. பெற்றோரே! மகளின் படிப்பைத் திருமணத்தின் பொருட்டு இடையில் நிறுத்தாதீர்கள்.

மருத்துவராகி வெளிவரும் நம் பிள்ளைகளிடத்தும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அம்மையார் பட்டம் பெற்றபின், தாம் பிறந்த குலத்துப் பெண்களை மறந்து விலகிச் செல்லவில்லை. அவர்களுக்காகவே சட்டமன்றத்தில் நின்றார். நம் தெருவிலிருந்து எழும் மருத்துவரும் அவ்வண்ணம் நம் தெருவிற்குத் திரும்பி வந்து, அடுத்து விண்ணப்பம் எழுதும் பிள்ளையின் அருகில் அமர்வாராயின், நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த உழைப்பு பயன் பெற்றதாகும்.