வெயிலில் உருகிய ரப்பர்... கடனில் கரைந்த குட்இயர்!

சித்திரை வெயில்ல ஹைவேயில கார் ஓட்டுறீங்க. தார் ரோடு தகதகன்னு கொதிக்குது. ஆனாலும் டயர் உருகி ரோட்டோட ஒட்டிக்கலையே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்குப் பின்னால, காரையே பார்க்காமல் செத்துப்போன ஒரு மனிதர் இருக்கிறார். பெயர், சார்லஸ் குட்இயர்.

1800-ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் பிறந்தவர். அப்பாவோடு சேர்ந்து நடத்திய இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துப்போக, கடனுக்காகச் சிறைக்குப் போனார். அந்த நேரம் பார்த்துதான் அவருக்கு ரப்பர் கிறுக்குப் பிடித்தது. அன்றைய ரப்பர், குளிரில் கல்லாக இறுகும். வெயிலில் பிசுபிசுவென உருகி நாறும். இதைச் சரிசெய்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். சிறையில்கூட சப்பாத்திக் கட்டையால் ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தாராம்!

ஒரு கட்டத்தில், ஜெயித்துவிட்டதாகவே நம்பினார். அரசாங்கத்திடமிருந்து தபால் பைகளுக்கு ஆர்டர் கிடைத்தது. பைகளைச் செய்து மாட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால், கோடை வெக்கையில் எல்லாம் உருகித் தொங்கிக்கொண்டிருந்தன. மேல்தோல்தான் பதப்பட்டிருந்தது, உள்ளே பழைய பச்சை ரப்பர். வீட்டில் அடகு வைக்கப் பொருள் இல்லை. குழந்தைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். பல குழந்தைகளைப் பறிகொடுத்தார். விடாமுயற்சி என்று இதை ஈஸியா பாராட்டிட்டுப் போக எனக்கு மனசு வரலை. விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர் மனைவி கிளாரிஸா.

1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று தவறிச் சூடான அடுப்பில் பட்டது. அது உருகவில்லை; தோல் மாதிரி கருகியது. உருக்க வேண்டிய சூடே ரப்பரை உறுதியாக்கிவிட்டது! நீளநீளமான ரப்பர் இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுப் பிணைத்துவிடுகிறது. 'வல்கனைசேஷன்' என்பது இதுதான். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று பிடிபட இன்னும் சில வருடங்கள் ஆயின. 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்திலோ, தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார்.

1860-ல் சாகும்போது குட்இயருக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கடன். டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்ததே 1888-ல்தான். 1898-ல் ஆரம்பித்த குட்இயர் டயர் கம்பெனி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அவர் குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, உங்க டயருக்கு வருவோம். ரப்பர் உருகாதுதான், ஆனா சூடு இன்னமும் எதிரிதான். வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு வைக்கணும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. காத்து குறைஞ்சா பக்கவாட்டு ரப்பர் அதிகமா மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிக்கிறது அதனாலதான். டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல உள்ள அளவை, வண்டி ஓடுறதுக்கு முன்னால, டயர் ஆறியிருக்கும்போது பிடிங்க. புது டயர் வாங்கும்போது பக்கவாட்டுல 'டெம்பரேச்சர்'னு போட்டிருக்கான்னு பாருங்க. ஏ, பி, சி-யில சூட்டை நல்லா தாங்குறது ஏ. பக்கவாட்டுலயே தயாரிப்புத் தேதியும் நாலு இலக்கத்துல இருக்கும். 1224-னு இருந்தா, 2024-ம் வருஷத்தோட 12-வது வாரம். ரொம்ப நாள் கடையில கிடந்த டயரைத் தள்ளுபடியில கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.