பனைமரம் சொல்லும் பாடமும் ஃபஸ்லுர் ரஹ்மான் கானும்

கோவையில் பொறியியல் படிக்கும் நம் சமுதாயப் பிள்ளைகள் தேர்வு நேரத்தில் துஆ செய்யச் சொல்லிப் பள்ளிவாசலுக்கு வருவார்கள். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் பயத்தோடு சொல்லும் பாடம் ஒன்று உண்டு: ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். அதில் அரியர் வைத்துவிட்டு, படிப்பையே விட்டுவிடலாமா என்று கேட்டவரும் உண்டு. நான் கலைக் கல்லூரியில் படித்தவன். ஒரு மாணவரையே உட்கார வைத்து விளக்கம் கேட்டேன். ஒரு பொருளை இழுத்தால் எவ்வளவு நீளும், அழுத்தினால் எவ்வளவு தாங்கும், வளைத்தால் எங்கே முறியும் என்பதைக் கணக்கிடுவதுதான் அந்தப் பாடம்.

அதில் ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் தகரக் கூரைகள் பறக்கும், பனைமரம் நிற்கும். பனையை அறுத்துப் பார்த்தால் வைரம் பாய்ந்த பகுதி வெளிச்சுற்றில் இருக்கும், நடுவில் மெத்தென்ற சோறுதான். வளைக்கும் விசையை அதிகம் தாங்குவது மையத்திலிருந்து தள்ளி இருக்கும் பகுதியே. படைத்தவன் பனையில் வைத்த இந்த ஏற்பாட்டை 100 மாடிக் கட்டடத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு வங்காள முஸ்லிம். இப்னு சீனாவையும் அல்ஹைதமையும் மேடைதோறும் பேசுகிறோம். நம் பாட்டனார் காலத்து மனிதரான இவரை ஏனோ மறந்துவிட்டோம்.

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1929 ஏப்ரல் 3 அன்று டாக்காவில் பிறந்தார். தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். மகன் கல்கத்தாவுக்கு அக்கரையில், ஹவுராவின் ஷிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு முடியும் நேரத்தில் 1950ஆம் ஆண்டுக் கலவரம் வெடித்தது. அவர் டாக்கா திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே அஹ்ஸானுல்லா பொறியியல் கல்லூரியில் படிப்பை முடித்து, முதல் மாணவராகத் தேறி, அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். இடையில் ஒரு கலவரமே வந்தும் படிப்பை விடவில்லை என்பதை அரியர் வைத்த தம்பிமார் கவனிக்கவும்.

1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களும் ஒரு முனைவர் பட்டமும் பெற்றார். 1955இல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் சுருக்கப் பெயர் எஸ்.ஓ.எம்.; நம் பிள்ளைகள் அந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் சுருக்கமும் அதுவே! இடையில் கராச்சிக்கு வந்து சில காலம் பணியாற்றிவிட்டு, 1960இல் மீண்டும் சிகாகோ திரும்பினார்.

அன்றைய உயரக் கட்டடங்களில் உள்ளே எங்கும் தூண்களும் விட்டங்களும் நிறைந்திருக்கும். மாடி ஏற ஏறக் காற்றைத் தாங்க இரும்பு ஏராளமாகத் தேவைப்பட்டது, செலவும் கட்டுக்கடங்காமல் போனது. கான் தூண்களை வெளிச்சுற்றுக்குக் கொண்டுவந்து, நெருக்கமாக நிறுத்தி, விட்டங்களால் பிணைத்தார். கட்டடம் முழுவதும் ஒரே குழாய் போல நின்றது. சிகாகோவின் 43 மாடி டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பு இந்த முறையில் எழுந்த முதல் கட்டடம்.

அடுத்தது 1969இல் முடிந்த 100 மாடி ஜான் ஹான்காக் சென்டர். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து கான் உருவாக்கியது. இதில் வெளிச்சுவரிலேயே பெருக்கல் குறி போன்ற பெரிய குறுக்குச் சட்டங்கள் தெரியும். 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ இரும்பு ஆனது. இதற்கு 145 கிலோ போதுமானதாக இருந்தது. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தில் பிறந்தவர் செய்த சிக்கனம் இது.

ஆனால் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. அந்தக் கட்டடம் எழும்போதே அடித்தளத் தூண் ஒன்று பாரம் தாங்காமல் கீழே இறங்கியது. தோண்டிப் பார்த்தால் உள்ளே கான்கிரீட் நிரம்பாமல் வெற்றிடம். மற்ற அடித்தளங்களையும் சோதிக்க வேண்டி வந்தது. மாதக்கணக்கில் வேலை நின்றது. கணக்கு சரியாக இருந்தும், போட்ட பொருளில் குறை இருந்தால் கட்டடம் நிற்காது. கோவையில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் நம் சகோதரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வந்தது 110 மாடி, 442 மீட்டர் சியர்ஸ் கோபுரம். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகச் சேர்த்தது போன்ற அமைப்பு. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 1998இல் முந்தும் வரை உலகின் உயரமான கட்டடம் இதுவே.

1971இல் தாய்மண்ணில் போர் மூண்டபோது, சிகாகோவில் வங்காளிகளை ஒன்றுதிரட்டி, நிவாரண நிதிக்கும் ஆதரவுக்கும் அமைப்புகள் தொடங்கினார். வங்காளதேச அரசு 1999இல், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, சுதந்திர தின விருது வழங்கியது.

ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம் 1981இல் திறந்தது. இங்கே குழாயும் இல்லை, குறுக்குச் சட்டமும் இல்லை, துணிதான்! துணியை அழுத்தினால் சுருங்கிவிடும், இழுத்துக் கட்டினால் பாரம் தாங்கும். டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியில் 45 மீட்டர் சதுரக் கூடாரங்கள் 210. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உலவும். பாலைவன வெயிலில் இஹ்ராமோடு காத்திருக்கும் ஹாஜிகளுக்கு நிழல்.

அடுத்த ஆண்டு, 1982 மார்ச் 27 அன்று, அதே ஜித்தாவில் மாரடைப்பால் வஃபாத்தானார். 53 வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. சிகாகோவின் கிரேஸ்லேண்ட் அடக்கத்தலத்தில் அவர் கப்ரு இருக்கிறது. மகள் யாஸ்மின் சபீனாவும் கட்டமைப்புப் பொறியாளரானார். தந்தையின் பணியைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.