ஒரு சமையலறையும் ஒரு நகர்மன்றமும்

நகராட்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பிறகு வீட்டுவரி. குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு உலகின் எந்தப் பெரிய நகரத்திலும் ஏழைகளுக்கு இந்த உரிமை இருந்ததில்லை. ஏழையின் தண்ணீரும் அழுக்கும் நோயும் அவரவர் பாடு என்றே நகர ஆட்சியினர் இருந்தார்கள். அந்த நிலை ஓரிடத்தில் எப்படி மாறத் தொடங்கியது என்பதைச் சலவைத் தொழில் செய்து பிழைத்த ஒரு பெண்ணின் வாழ்வு வழியாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்தில் வாழ்ந்த அவர் பெயர் கேத்தரின் வில்கின்சன். ஊரார் அவரைக் கிட்டி என்றே அழைத்தார்கள். சேரிகளின் புனிதை என்ற பெயரும் அவருக்கு உண்டு. அது திருச்சபை வழங்கிய பட்டமல்ல, மக்கள் வாயில் பிறந்த பட்டம்.

கிட்டி 1786-ம் ஆண்டு அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிறந்தார். ஏறத்தாழ ஒன்பது வயதில் குடும்பத்துடன் கப்பலேறி லிவர்பூலுக்கு வந்தபோது, கரைக்கு மிக அருகே மெர்சி ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் சேதமடைந்தது. உடன் வந்த தங்கை கடலில் மாண்டாள். அந்நிய ஊரில் அவர்களுக்கு ஆதரவாக இருந்த லைட்பாடி அம்மையார் என்பவர், ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவும் பழக்கத்தைச் சிறுமிக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு லங்காஸ்டர் அருகே கேட்டன் என்ற ஊரின் பஞ்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்க்கப்பட்டார். அன்று அதற்குப் பயிற்சி என்று பெயர், உண்மையில் அது குழந்தை உழைப்புதான். இளம் பெண்ணாகத் திரும்பி வந்து, மனநலம் பாதிக்கப்பட்ட தாயைக் கவனித்துக்கொண்டார். 1812-ல் ஒரு மாலுமியைத் திருமணம் செய்தார். அவரையும் கடல் கொண்டுபோயிற்று. இரண்டு மகன்களுடன் கைம்பெண்ணாக நின்றவர், ஆணித் தொழிற்சாலையில் கைவிரல்கள் புண்ணாக உழைத்தார். துவைத்த துணிகளை உருட்டிப் பிழியும் பொறி ஒன்று உதவியாகக் கிடைத்த பிறகு, சலவை வேலையே அவருடைய பிழைப்பாயிற்று.

பஞ்சாலை நாட்களில் அறிமுகமான டாம் வில்கின்சனை 1823-ல் மறுமணம் செய்துகொண்டார். டாம், ராத்போன் குடும்பத்தாரின் பஞ்சுக் கிடங்கில் சுமை தூக்கும் தொழிலாளி. அந்த ராத்போன் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அன்றைய லிவர்பூல் செல்வம் கொழித்த நகரம். அந்தச் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்தில் வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். துறைமுகமும் கிடங்குகளும் பெருகப் பெருக, வேலை தேடி வந்தவர்கள் முடுக்குகளில் அடைந்தார்கள். ஒரு குறுகிய முற்றம், அதன் இருபுறமும் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஓரிரு கழிப்பிடங்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் தரைக்குக் கீழே நிலவறைகளில் குடியிருந்தார்கள். முடுக்குகளில் 55,000 பேர், நிலவறைகளில் 20,000 பேர் என்று மருத்துவர் வில்லியம் ஹென்றி டங்கன் பின்னாளில் கணக்கிட்டார். தண்ணீர் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது, விட்டு விட்டுத்தான் வரும். 1842-ல் வெளியான எட்வின் சாட்விக்கின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. லிவர்பூலில் இறந்தவர்களின் சராசரி வயது, மேல்தட்டுக் குடும்பங்களில் 35, தொழிலாளர் குடும்பங்களில் 15. குழந்தைச் சாவுகள்தான் அந்த எண்ணை இவ்வளவு கீழே இழுத்தன.

இந்த நகரத்தில் 1832-ம் ஆண்டு காலரா நுழைந்தது. ஏறத்தாழ 5,000 பேரைத் தாக்கி, 1,500-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மருத்துவர்கள் பிணங்களை அறுத்துப் பார்ப்பதற்காகவே நோயாளிகளைக் கொல்கிறார்கள் என்ற வதந்தி பரவி, மே மாத இறுதியில் தெருக்களில் கலவரம் வெடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களைக் கூட்டம் மறித்தது. அதே ஆண்டு ஜூன் 10-ம் நாள் ஞாயிறன்று லிவர்பூலின் கத்தோலிக்க ஆலயங்களில் எல்லாம் அமைதி காக்கும்படி ஒரு வேண்டுகோள் வாசிக்கப்பட்டது. கலவரக்காரர்களில் பலர் அயர்லாந்திலிருந்து வந்த நம் திருச்சபையின் மக்கள். அவர்கள் அரசு சொன்னதை நம்பவில்லை, தங்கள் குருக்கள் சொன்னதைக் கேட்டார்கள். கலவரம் அடங்கியது, காலரா அடங்கவில்லை.

டெனிசன் தெருவில் கிட்டியின் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய கொப்பரை ஒன்று இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. நோயாளியின் வாந்தியும் கழிவும் படிந்த போர்வையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, அதே அறையில் காயப்போட்டு, இரவில் அதையே போர்த்திக்கொள்வதைத் தவிர அண்டை வீட்டாருக்கு வழியில்லை. கிட்டி அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். வாரத்துக்கு ஒரு பென்னி கொடுத்தால் போதும், கொப்பரையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். துணிகளைச் சுண்ணாம்புக் குளோரைடு என்னும் வெளுப்புத் தூளால் சுத்தம் செய்யவும் கற்றுக்கொடுத்தார். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் காலம் காலமாக வெள்ளாவி வைத்து வெளுத்த முறையை அறிந்த நமக்கு, கொதிநீரின் அருமையை விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பது 1832-ல் யாருக்கும் தெரியாது. நாற்றமடிக்கும் காற்றுதான் நோயைத் தருகிறது என்று மருத்துவர்களே நம்பினார்கள். கிட்டிக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர் செய்தது சரியான காரியம். நோயாளியின் துணியைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள கிருமி சாகும். அந்தச் சமையலறையில் நாள் முழுவதும் தொற்றுள்ள துணிகளுக்கு நடுவே நின்ற அவரை நோய் தொடவில்லை. நோயில் பெற்றோரை இழந்த குழந்தைகளையும் காலை வேளைகளில் வீட்டில் கூட்டிவைத்துப் பார்த்துக்கொண்டார்.

ராத்போன் குடும்பம் இங்கேதான் வருகிறது. வில்லியம் ராத்போனும் அவர் மனைவி எலிசபெத்தும் தங்கள் சுமைதூக்கியின் வீட்டில் நடப்பதை அறிந்து உதவினார்கள். மாவட்டச் சேமிப்புச் சங்கம் என்ற அறநிறுவனமும் கைகொடுத்தது. ஆனால் கிட்டிக்கு வேண்டியிருந்தது, நோய்க்காலம் முடிந்த பிறகும் ஏழைப்பெண்கள் துணி துவைக்க ஓர் இடம். அதைத் தனியார் தருமத்தால் எத்தனை நாள் நடத்த முடியும்? நகர்மன்றம் ஏற்றாக வேண்டும்.

நகர்மன்றத்துக்குக் குளியலறை கட்டும் அனுபவம் இல்லாமல் இல்லை. 1820-களின் இறுதியில் ஆற்றங்கரையில் கடல்நீர்க் குளியல் மாளிகை ஒன்றை அதுவே திறந்திருந்தது. காசுள்ளவர்கள் நீராட அது பயன்பட்டது. ஏழைகளின் அழுக்குத் துணிக்கு இடம் வேண்டும் என்பதுதான் விளங்கச் சிரமமாக இருந்தது! 1835-ல் வந்த நகராட்சிச் சீர்திருத்தச் சட்டம், தங்களுக்குள்ளேயே ஆள் நியமித்துக்கொண்டிருந்த பழைய மன்றங்களைக் கலைத்து, வரி செலுத்துவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1837-ல் வில்லியம் ராத்போன் மேயரானார். ஆனால் வரி செலுத்துவோரின் மன்றம் வரிப்பணத்தைச் செலவிடத் தயங்குவதும் இயல்புதானே. கொப்பரை சமையலறையிலிருந்து நகராட்சிக்கு வந்துசேரப் பத்து ஆண்டுகள் ஆயின.

1842 மே மாதம் ஃபிரெடரிக் தெருவில் பொதுச் சலவையகமும் குளியலறைகளும் திறக்கப்பட்டன. நகராட்சி கட்டி, ஏழைகள் சில பென்னிகள் கொடுத்துத் துவைக்கவும் குளிக்கவும் வசதி செய்த இத்தகைய நிலையம் பிரிட்டனில் இதுவே முதலாவது. 1846-ல் கிட்டியும் டாமும் அதன் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு, எந்த நகராட்சியும் வரிப்பணத்தில் குளியலறையும் சலவையகமும் கட்டலாம் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. விக்டோரியா அரசியும் முந்தைய அரசி அடிலெய்டும் லிவர்பூல் பெண்மணிகளும் சேர்ந்து கிட்டிக்கு வெள்ளியாலான தேநீர்க் கலம் ஒன்றைப் பரிசளித்தார்கள். வாழ்நாளெல்லாம் பிறர் துணி துவைத்த பெண்ணுக்கு வெள்ளித் தேநீர்க் கலம் எதற்கு என்று நமக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும் மரியாதை மரியாதைதான்.

லிவர்பூல் மன்றம் அத்துடன் நிற்கவில்லை. 1846-ல் தனக்கென்று ஒரு சுகாதாரச் சட்டத்தையே பாராளுமன்றத்தில் பெற்றது. 1847 ஜனவரியில் டங்கனை நகரின் மருத்துவ அலுவலராக நியமித்தது. பிரிட்டனில் அப்படிப்பட்ட முதல் பதவி அதுவே. நகரப் பொறியாளராக வந்த ஜேம்ஸ் நியூலண்ட்ஸ், 1848-ல் தொடங்கிப் பதினோரு ஆண்டுகளில் 86 மைல் நீளத்துக்குக் கழிவுநீர்க் குழாய்கள் பதித்தார். தனியார் தண்ணீர் நிறுவனங்களையும் மன்றமே விலைக்கு வாங்கியது. தொலைவிலுள்ள ரிவிங்டன் நீர்த்தேக்கங்களிலிருந்து 1857-ல் நகருக்குத் தண்ணீர் வந்தது.

ஆனால் இடையில் ஒரு கொடிய ஆண்டு இருந்தது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திலிருந்து தப்பி, 1847-ல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் லிவர்பூல் கரையில் இறங்கினார்கள். பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கையில் காசில்லாதவர்கள் அதே நிலவறைகளில் தங்கினார்கள். டைபஸ் காய்ச்சல் பரவியது. அழுக்குத் துணியில் வாழும் பேன் அதைப் பரப்புகிறது என்று 1909-ல்தான் பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் நிக்கோல் கண்டுபிடித்தார். அவ்வளவு பேரின் துணியையும் கொதிக்க வைக்க ஃபிரெடரிக் தெரு போதுமா? நோயில் பூசுதல் கொடுக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் நிலவறைகளுக்குள் இறங்கிச் சென்ற கத்தோலிக்கக் குருக்களில் பத்துப் பேர் அந்த ஒரே ஆண்டில் காய்ச்சலுக்குப் பலியானார்கள். சாகிறவரின் மெல்லிய குரலில் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கு, அவர் போர்வையோடு ஒட்டிக் குனிய வேண்டும் அல்லவா! அந்தப் பதின்மருக்கும் புனித பேட்ரிக் ஆலயத்தில் நினைவுச் சிலுவை நாட்டப்பட்டிருக்கிறது. யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஜான் ஜான்ஸ் என்ற போதகரும் ஏழைகளைச் சந்தித்து அதே ஆண்டில் அதே காய்ச்சலில் இறந்தார். லிவர்பூலுக்கு அப்போது தனி மறைமாவட்டம்கூடக் கிடையாது, 1850-ல்தான் அது உருவானது.

அந்த நேரத்தில் மன்றம் செய்த ஒன்றை நாம் மெச்ச முடியவில்லை. புதிய சட்டத்தைக் கையிலெடுத்து, நிலவறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது. நிலவறை நோயின் கிடங்கு என்பது உண்மைதான். ஆனால் வெளியேற்றப்பட்டவர்கள் போவதற்கு வேறு வீடு கட்டித் தரவில்லை. அவர்கள் இன்னொரு நெரிசலான முடுக்கில் போய் அடைந்தார்கள். ஏழைகளுக்காக லிவர்பூல் நகராட்சி தானே வீடு கட்டியது 1869-ல்தான். கிட்டி ஆட்களை அகற்றவில்லை, அவர்கள் துணியை வாங்கிக் கொப்பரையில் போட்டார். சுகாதாரம் என்ற பெயரில் இன்றும் குடிசைகள் அகற்றப்படும்போது இந்த வேறுபாடு நமக்கு நினைவுக்கு வருகிறது.

டாம் 1848-ல் இறந்தார். கிட்டி 1860-ம் ஆண்டு நவம்பர் 11-ம் நாள் இறைவனடி சேர்ந்தார். புனித யாக்கோபு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதை ஒட்டி எழுந்த ஆங்கிலிக்கன் பேராலயத்தின் அன்னை மரியா சிற்றாலயத்தில், சிறந்த பெண்மணிகளுக்கான வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் அவரும் இடம்பெற்றிருக்கிறார்.

லிவர்பூலின் பெருமைக்குரிய புனித ஜார்ஜ் மண்டபத்துக்கு 1838-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1854-ல் அது திறக்கப்பட்டது. ஏழைகளின் சலவையகம் எழுந்த அதே காலத்தில் எழுந்த கட்டடம் அது. அதன் மாடங்களில் நகரின் பெரியவர்கள் பன்னிருவரின் சிலைகள் நின்றன. அனைவரும் ஆண்கள். 2012-ல் அங்கே வைக்கப்பட்ட முதல் பெண் சிலை கிட்டியினுடையது.

உயிரோடிருந்தவரை அவர் நகர்மன்றத்துக்கு வாக்களிக்கவோ அதில் உட்காரவோ முடிந்ததில்லை. பெண்கள் உறுப்பினராகலாம் என்று 1907-ல்தான் சட்டம் வந்தது. 1909-ல் லிவர்பூல் மன்றத்துக்கு முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எலினர் ராத்போன். கிட்டியின் சமையலறையைத் தேடி வந்த வில்லியம், எலிசபெத் தம்பதியரின் பேத்தி.