மூன்று வயது வரை பேசாத ராமானுஜன்!

அரிசியில் எழுதவைத்த தாத்தா

கணித மேதை ராமானுஜனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால், அவர் மூன்று வயது வரை சரியாகப் பேசாத பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் ராமானுஜன் பிறந்தார். தந்தை சீனிவாசன், கும்பகோணத்தில் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள், கோவிலில் பஜனை பாடுவார். நாமகிரித் தாயாரை வேண்டிப் பெற்ற பிள்ளை அது.

இரண்டு வயதில் பெரியம்மை கண்டது. எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோன அந்த நோயிலிருந்து ராமானுஜன் பிழைத்தான். முகத்தில் தழும்பு மட்டும் தங்கியது.

ஆனால், பேச்சு வரவில்லை. பிள்ளை ஊமையோ என்று வீட்டில் பயந்தார்கள்.

வேறு சில பழக்கங்களும் இருந்தன. வீட்டில் உள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களை எல்லாம் எடுத்து வருவான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரிசையாக அடுக்குவான். கேட்ட பண்டம் கிடைக்காவிட்டால், மண்ணில் விழுந்து புரளுவான்.

தாயார் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காஞ்சீபுரம் போனார். அங்கே அவருடைய தந்தை கோர்ட்டில் அமீனாவாக இருந்தார். தெரிந்தவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். அதன்படி தரையில் அரிசியைக் கனமாகப் பரப்பினார்கள். தாத்தா பேரனின் கையைப் பிடித்து, அரிசியில் எழுத்துகளை எழுதவைத்தார். ஒவ்வொரு எழுத்தையும் எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னார்.

விரல் எழுதியது. காது கேட்டது. மெல்ல மெல்ல வாயும் திறந்தது! உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 என்று பிள்ளை படிக்கத் தொடங்கினான். 1892-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, விஜயதசமி அன்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

காத்திருக்கலாமா?

திருத்தணி பக்கம் கனகம்மாசத்திரம் ஆகட்டும், தெற்கே கன்னியாகுமரி ஆகட்டும், பிள்ளை பேசத் தாமதித்தால் சாமிக்கு நேர்ந்துகொண்டு காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. நேர்த்திக்கடன் இருக்கட்டும். டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

ஒரு வயதில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில், வேண்டியதை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். இரண்டு வயதில், அம்மா வா, பால் தா என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், தாமதமே கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கன்வாடிக் குழந்தைகளை இப்படிச் சோதிக்கும் அரசுத் திட்டம் 2013-ல் வந்தது.

ராமானுஜனுக்கு என்ன குறை என்று இன்று பெயர் சூட்ட முடியாது. பேசாத பிள்ளை எல்லாம் மேதை ஆகிவிடும் என்று நம்புவதும் தவறு. கோமளத்தம்மாள் அப்படி நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

போலீஸ்காரர் காவல்!

பேச்சு வந்ததோடு தொல்லை தீரவில்லை. சென்னையில் சேர்த்த பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகிறானா என்று பார்க்க, ஒரு போலீஸ்காரரையே ஏற்பாடு செய்தார்கள்! பாவம், அந்தச் சிறுவன் என்ன பாடு பட்டானோ! ஆறு மாதத்துக்குள் கும்பகோணத்துக்கே அழைத்துவந்துவிட்டார்கள்.

பழகிய ஊர், பழகிய பள்ளி. 1897-ம் ஆண்டு நவம்பரில் நடந்த ஆரம்பப் பள்ளித் தேர்வில் அவன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான்.

பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை. கல்லூரித் தேர்வில் தோல்வி, சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம், 1914-ல் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி.

கப்பல் ஏறுவதற்கு முன், காகிதம் வாங்கக் காசு இல்லாத நாட்களில், அவர் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். அப்போது வயது 32. அரிசியில் எழுதவைக்கக் காஞ்சீபுரத்துக்குத் தூக்கிப்போன தாயார் அப்போது உயிரோடு இருந்தார்.