பாரதியார் கண்ட நூல் வெளியீட்டுக் கனவு

தலைநகர் டில்லியில் கான் மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் சாலைக்குச் சுப்பிரமணிய பாரதி மார்க் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து பல நூறு காதம் கடந்து வந்து இங்கே குடியேறிய நாம், அவ்வழியே செல்லும்போதெல்லாம் அப்பெயர்ப் பலகையைக் கண்டு பெருமிதம் கொள்கிறோம். நம் குழந்தைகள் ஆண்டு விழா மேடையில் ஏறினால் முதலிற் பாடுவதும் அவர் பாட்டே. மகாகவி என்றும், தேசியக் கவி என்றும், விடுதலைப் போரின் முரசு என்றும் அவரை நாம் அறிவோம். ஆனால், தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, தாமே விலை குறித்து, தாமே விற்பனைக்கு வழி வகுத்த பதிப்பாளர் பாரதியாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தப் பாரதியாரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விரும்புகிறோம்.

பிறப்பும் பத்திரிகைப் பணியும்

1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார் பாரதியார். காசியிற் சில ஆண்டுகள் வாழ்ந்து, மீண்டும் எட்டயபுரம் வந்து அரண்மனையிற் சிலகாலம் இருந்தார். 1904-இல் மதுரையிற் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சின்னாள் தமிழாசிரியராகப் பணியாற்றி, அவ்வாண்டிலேயே சென்னை சேர்ந்து ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையின் துணையாசிரியரானார். அச்சுக்கூடத்தின் மையும் ஓசையும் அன்று முதல் அவர் வாழ்வோடு கலந்தன. 1906-இல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையின் பொறுப்பை ஏற்றார்.

அப்பத்திரிகையைப் பார்த்த அளவிலேயே மற்றவற்றினின்று பிரித்தறியலாம். அது சிவப்புத் தாளில் அச்சாயிற்று. முகப்பிலே அரசியற் கேலிச் சித்திரம் இருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் இத்தகைய சித்திரங்களை இடம்பெறச் செய்த முன்னோடி பாரதியாரே ஆவார். நெடிய கட்டுரையைப் படிக்க இயலாதவரும் சித்திரத்தைக் கண்டு செய்தியை உணர்ந்துகொள்வர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எழுத்து எத்துணைச் சிறந்ததாயினும், அது படிப்பவர் கண்ணையும் கையையும் சென்றடைய வேண்டும் என்னும் கவலை அவருக்குத் தொடக்கம் முதலே இருந்தது.

முதற் பதிப்புகள்

1907-இல் ஒரு வியப்பான நிகழ்ச்சி நடந்தது. சென்னையில் பெரும் வழக்கறிஞராக விளங்கிய வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதி. எனினும், அவர் பாடிய நாட்டுப் பாடல்களைக் கேட்டு மனமுருகிய ஐயர், அவற்றுள் மூன்றைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியாரின் பாட்டு பல்லாயிரவர் கையிற் சென்று சேர்ந்தது அதுவே முதன்முறை.

அடுத்த ஆண்டு, 1908-இல், பாரதியார் தம் பாடல்களைத் தொகுத்து ‘ஸ்வதேச கீதங்கள்’ என்னும் நூலாகத் தாமே வெளியிட்டார். தாம் ஞானகுருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதைக்கு அதனைச் சமர்ப்பித்தார். அவ்வாண்டிலேயே அரசாங்கத்தின் அடக்குமுறை மிகவும் கடுமையாயிற்று. ‘இந்தியா’வின் சட்டபூர்வமான ஆசிரியர் சிறைப்பட்டார். நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் பின்தொடர்ந்து சென்று அங்கிருந்து வெளிவந்தது. 1909-இல் பாடல் தொகுதியின் தொடர்ச்சியாக ‘ஜன்ம பூமி’ வந்தது.

ஆயின், பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் ‘இந்தியா’ நுழைவதற்குத் தடை விதிக்கப்பட்டமையால் 1910-இல் அது நின்றது. ‘கனவு’ என்னும் சுயசரிதையும், ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் கதையும் 1911-இல் அரசாங்கத்தாற் பறிமுதலுக்கு ஆளாயின. தம் நூல்களைத் தாமே அச்சிடும் ஆசிரியருக்கு இதனினும் கொடிய இடுக்கண் வேறுண்டோ? எழுதுபவர் ஓரிடத்தில், வாங்குபவர் எல்லைக்கு அப்பால், இடையிலே போலீசாரும் தபால் தணிக்கையும். வீட்டில் வறுமை. இந்நிலையிலும் 1912-இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற் பாகத்தை வெளியிட்டார்.

அந்நூலுக்கு அவர் எழுதிய முகவுரை சிந்திக்கத்தக்கது. ஓரிரண்டு ஆண்டுகளே நூற்பழக்கமுள்ள தமிழருக்கும் பொருள் விளங்குமாறு, எளிய பதங்களையும் எளிய நடையையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டையும் கொண்டு காவியம் செய்ய வேண்டும் என்பதே அங்கு அவர் கூறிய கொள்கை. இஃது இலக்கியக் கொள்கை என்றே நாம் கற்றிருக்கிறோம். பதிப்பாளரின் கண்கொண்டு பார்த்தால், தம் நூலை வாங்க வேண்டியவர் யார் என்பதை அவர் தெளிவாக வரையறுத்துக்கொண்டமையும் இதனாற் புலனாகும். புலவர் நூற்றுவர் அல்லர். எழுத்தறிந்த தமிழர் அனைவருமே அவருடைய வாசகர்.

எனினும், அக்காவியத்தின் இரண்டாம் பாகத்தை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1917-இல் ‘கண்ணன் பாட்டு’ வெளிவந்ததும் அவர் பொருளால் அன்று. அவர் தம்பியென அன்பு பாராட்டிய பரலி சு. நெல்லையப்பர் முயன்று சென்னையிற் பதிப்பித்தமையாலேயே அந்நூலைத் தமிழுலகம் பெற்றது.

அரசனிடமிருந்து மக்களிடம்

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையிற் சில வாரங்கள் இருந்து, டிசம்பரில் விடுதலை பெற்று, மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தை அடைந்தார். அவருடன் பல ஆண்டு உழைப்பின் பயனாகிய கையெழுத்துப் பிரதிகள் இருந்தன; அவற்றை அச்சேற்றப் பொருள் இல்லை.

பொருளில்லாத புலவன் அந்நாள்வரை என் செய்தான்? அரசனை நாடினான். பாரதியாரும் 1919-இல் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி வரைந்து ஆதரவு வேண்டினார். அம்முயற்சி பலிக்கவில்லை.

அதன்பின் அவர் செய்ததே நம் வரலாற்றிற் புதுமையானது. 1920-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், கடையத்திலிருந்து அன்பர் பலருக்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அரசரை விட்டு, வாசகரையே புரவலராகக் கொள்ளத் துணிந்த அறிக்கை அது. தம் எழுத்துக்கள் அனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட எண்ணினார். ஆக மொத்தம் 4,00,000 பிரதிகள்! தொடக்க முதல் 20,000 ரூபாய் என்று கணக்கிட்டார். ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், ஒன்றரை லட்ச ரூபாய் இலாபம் கிட்டும் என நம்பினார். இந்நூல் வெளியீட்டு முயற்சிக்குத் ‘தமிழ் வளர்ப்புப் பண்ணை’ என்று பெயரும் இட்டார்.

அவர் கேட்டது நன்கொடை அன்று என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும். கடனாகவே கேட்டார். முத்திரைத் தாளிற் பிராமிசரி நோட்டு எழுதித் தருவதாகவும், மாதத்திற்கு நூற்றுக்கு இரண்டு வீதம் வட்டி கொடுப்பதாகவும் உறுதி கூறினார். நூல்கள் விலைபோகும் என்பதற்குக் காரணங்களும் காட்டினார்: எழுத்தின் தரம் உயர்ந்தது, தம் பெயர் தமிழகமெங்கும் அறியப்பட்டது, விலையோ குறைவு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் எளிதாகப் பரவும் என்பது அவர் துணிபு.

இவ்வுவமையை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். பட்டும் பொன்னும் போல நூல்கள் மதிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. மாலையில் விளக்கேற்றுவதற்கு ஏழையும் செல்வனும் ஒருங்கே வாங்கும் பண்டமாக நூல் ஆக வேண்டும் என்றே விரும்பினார். சில நூறு பிரதிகள் விற்பதே பெரிது என்றிருந்த காலத்தில், இதனைப் பித்தர் பேச்சென்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால், பெருந்தொகையாக அச்சிட்டாற் பிரதியின் அடக்கவிலை குறையும். விலை குறைந்தால் வாங்குவோர் பெருகுவர் என்னும் கணக்கிலே பிழையொன்றும் இல்லை. இன்றும் பதிப்புத் தொழிலின் அடிப்படைக் கணக்கு அதுவே.

கணக்கு சரியாக இருந்தது, முதல்தான் சேரவில்லை. புகழ்ந்தவர் பலர், பணம் அனுப்ப முன்வந்தவர் மிகச் சிலர். அவ்வாண்டு நவம்பரிலேயே பாரதியார் மீண்டும் சென்னை சென்று ‘சுதேசமித்திர’னிற் பணியேற்றார். நாற்பது நூல்களில் ஒன்றேனும் அவர் எண்ணியவாறு வெளிவரவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, திருவல்லிக்கேணியில் அவர் காலமானார்.

மறைந்தபின் நிகழ்ந்தவை

கணவர் மறைந்த துயரிலும் செல்லம்மாள் பாரதி மனந்தளரவில்லை. 1922-இற் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரில் ‘ஸ்வதேச கீதங்க’ளை வெளியிட்டார். பின்னர்ப் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனும் உறவினரும் சேர்ந்து பாரதி பிரசுராலயம் கண்டனர். ‘பாஞ்சாலி சபதம்’ இரண்டாம் பாகம் 1924-இல் வெளிவந்தது. 1928-இல் பர்மா அரசாங்கம் பாரதியார் பாடல் நூல்களுக்குத் தடை விதித்தது; அதனையொட்டிச் சென்னையிலும் ஏறத்தாழ 2,000 பிரதிகள் பறிமுதலாயின. சட்டசபையிலே சத்தியமூர்த்தி முதலியோர் அதனைக் கடுமையாக எதிர்த்து வாதிட்டனர். தடையும் பறிமுதலும் அப்பாடல்களின் புகழை வளர்த்தனவேயன்றிக் குறைக்கவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், 1949-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் அமைந்த சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் பதிப்புரிமையைப் பெற முடிவு செய்தது. 1950-களில் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவுடைமையாயின. அதன்பின், மலிவுப் பதிப்புகள் பெட்டிக்கடை முதல் ரயில் நிலையம் வரை எங்கும் கிடைத்தன. தீப்பெட்டியோடு அருகிலிருக்கும் பண்டமாகவே பாரதியார் கவிதைகள் ஆயின. அவர் சொன்ன சொல் பொய்க்கவில்லை; அவர் அதனைக் காண இல்லை, அவ்வளவே.

நம் டில்லிக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு கிடைத்தது. அறிஞர் சீனி. விசுவநாதன் பல்லாண்டு பாடுபட்டுத் தொகுத்த கால வரிசைப் பதிப்பு, 23 தொகுதிகளாக, 2024 டிசம்பர் 11-ஆம் நாள், பாரதியார் பிறந்தநாளன்று, இத்தலைநகரிலேயே பிரதமரால் வெளியிடப்பட்டது. கடையத்திற் கையெழுத்துப் பிரதிகளோடு காத்திருந்தவரின் எழுத்துக்கு நூற்று நான்கு ஆண்டு கடந்து கிடைத்த சிறப்பு அது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றை நாம் எழுத முற்பட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. இன்று நூல் வெளியிடுதல் எளிதாயிற்று. பெருமுதல் வேண்டியதில்லை. கணிப்பொறியில் எழுத்துக் கோத்து, அட்டைப்படம் அமைத்து, வேண்டியபோது ஐம்பது பிரதியோ நூறு பிரதியோ அச்சிட்டுக்கொள்ளலாம். நம் காலனிகளிலும் அலுவலகப் பணி முடித்து இரவிற் கவிதையும் கதையும் எழுதி, தம் சேமிப்பைச் செலவிட்டு நூலாக்கும் அன்பர்கள் இருக்கின்றனர். சங்க விழாவிற்கு வருகையில் ஒரு பையிற் சில பிரதிகளை வைத்துக்கொண்டு தயக்கத்தோடு நிற்கும் அவர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? மகிழ்ச்சி என்கிறோம், பாராட்டு என்கிறோம், நமக்கொரு பிரதி இல்லையா என்று உரிமையோடு கேட்கிறோம். விலை கேட்பது நட்பிற்கு இழுக்கு என்று எண்ணுகிறோம். பாரதியாரின் சுற்றறிக்கையைப் பெற்றவர்களும் அவரிடம் அன்பில்லாதவர் அல்லர். அன்பு இருந்தது, பாராட்டும் இருந்தது, மடியை அவிழ்க்கும் மனம் மட்டுமே வரவில்லை.

நூல் வெளியிடுவோரும் பாரதியாரிடம் கற்க வேண்டியவை பல. யாருக்காக எழுதுகிறோம் என்று தெளிதல், கண்ணைக் கவருமாறு அமைத்தல், எளியோர்க்கு எட்டும் விலை குறித்தல், வரவு செலவைத் திட்டமாகக் கணக்கிடல், தம் நூலை விற்பதில் நாணாதிருத்தல் ஆகிய இவையெல்லாம் அவர் காட்டிய வழிகளே. பொருள் வேண்டியபோதும் அவர் இரவலராக நிற்கவில்லை. வட்டி தரும் வணிகராகவே நின்றார்.

இவ்வாண்டு விழாவின் வாயிலிலும் யாரேனும் ஓர் அன்பர் தம் நூலோடு நிற்கக்கூடும். நம் இல்லத்தார் அனைவரும் உள்ளே சென்று பாரதியார் பாட்டைக் கேட்டு மகிழ்வோம். அதற்கு முன், அந்நூலுக்குரிய விலையைக் கொடுத்து ஒரு பிரதி பெற்றுச் செல்வோமாக. 1920-இற் கடையத்திற்கு அனுப்பத் தவறிய பணத்தில் ஒரு சிறு பகுதியையேனும் தமிழர் அவ்வாறு செலுத்தியவராவோம்.